ஊமையாக்கப்பட்ட அரக்கன்!

தனித்தனிப் படங்களில் புகழ்பெற்ற அதிசய வீரர்களை ஒரே படத்தில் சேர்ப்பது இன்று சர்வசாதாரணம். 2012ல் வந்த "அவெஞ்சர்ஸ்" அப்படிப்பட்ட படம். ஆனால் 1943லேயே ஹாலிவுட் இந்த வேலையில் இறங்கிவிட்டது. அதில் அகப்பட்டுக்கொண்டு அவதிப்பட்டவர், பிரபல நடிகர் பேலா லுகோசி.

ரத்தக் காட்டேரி

லுகோசி 1882ல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தார். முதல் உலகப் போரில் போர்முனைக்குச் சென்றார். பிறகு அமெரிக்காவில் குடியேறினார். 1927ல் நியூயார்க் நாடக மேடையில் "டிராகுலா" என்ற ரத்தக் காட்டேரியாக நடித்தார். 1931ல் யுனிவர்சல் கம்பெனி அதைப் படமாக்கியது. லுகோசியின் புகழ் உலகெங்கும் பரவியது.

அதே ஆண்டில் அதே கம்பெனி, பிணங்களை ஒட்டி உயிர் கொடுத்த அரக்கனின் கதையை "பிராங்கன்ஸ்டைன்" என்று எடுத்தது. 1941ல் "ஓநாய் மனிதன்" வந்தான்.

இருவரையும் மோதவிட்டால் என்ன?

சிக்கலுக்கு மேல் சிக்கல்

ஓநாய் மனிதன்தான் முதல் படத்திலேயே செத்துவிட்டானே! பௌர்ணமி வெளிச்சத்தில் கல்லறையிலிருந்து எழுப்பினார்கள். அரக்கனுக்கோ, 1942ல் வந்த படத்தில் இகோர் என்பவனின் மூளையைப் பொருத்தியிருந்தார்கள். அதனால் இகோரின் குரல் வந்தது, பார்வை போயிற்று. இகோராக நடித்தவர் லுகோசி! ஆகவே 60 வயதில் அரக்கன் வேடம் அவரைத் தேடி வந்தது.

பார்வையற்றவன்போல் இரு கைகளையும் நீட்டித் தடவி நடந்தார். வசனமும் பேசினார். ஆனால் படம் வெளிவருமுன் அரக்கனின் வசனம் முழுவதையும் வெட்டிவிட்டார்கள். பார்வை போன விவரமும் அதோடு போயிற்று. காரணமின்றிக் கை நீட்டி, ஓசையின்றி வாயசைக்கும் உருவத்தைத்தான் ரசிகர்கள் கண்டார்கள். பழி நடிகர் மேல் விழுந்தது.

சண்டையில் ஜெயித்தது யார்? இருவருக்கும் ரசிகர்கள் உண்டே! அணையை உடைத்து, இருவரையும் வெள்ளத்தோடு போகவிட்டார்கள்.

திரும்பி வந்த வேடம்

1944ல் டிராகுலாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார்கள். அதில் டிராகுலா வேடம் வேறொருவருக்கு! அவன் மற்ற இருவரையும் சந்திக்குமுன்பே மாண்டும் போனான். 1948ல் அபாட்-காஸ்டெல்லோ ஜோடியின் நகைச்சுவைப் படத்தில்தான் லுகோசி மீண்டும் டிராகுலா ஆனார். அரக்கனை ஆட்டிவைக்க டிராகுலா முயல்வான். ஓநாய் மனிதன் தடுக்க வருவான். மூவருக்கும் ஒரே கதையில் வேலை இருந்தது. படம் வெற்றி!

லுகோசி 1956 ஆகஸ்டு 16ந் தேதி, 73வது வயதில் காலமானார். டிராகுலா அங்கியுடனேயே அடக்கம் செய்தார்கள்.

அந்த நடை மட்டும் சாகவில்லை. அரக்கன் வேஷம் போடும் சிறுவர்கள் இன்றும் கைகளை நீட்டித்தான் நடக்கிறார்கள். ஏன் என்றுதான் அவர்களுக்குத் தெரியாது!