மாக்ஸ் பியர்பாம்

நகைச்சுவை உள்ளத்தை மலர்விப்பது. வரம்பு கடந்தால் பிறர் உள்ளத்தைப் புண்படுத்தவும் வல்லது. அவ்வரம்பினை அறிந்து போற்றிய அறிஞருள் ஒருவர் ஆங்கிலக் கட்டுரையாளரும் கேலிச்சித்திர ஓவியருமாகிய மாக்ஸ் பியர்பாம்.

இவர் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். பள்ளிக் கல்வி முடிந்ததும், 1890-இல் ஆக்ஸ்போர்டில் மெர்ட்டன் கல்லூரியிற் சேர்ந்தார். பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு நீங்கினார்; எனினும் எழுதுகோலும் தூரிகையும் அவருக்குப் புகழைத் தேடித் தந்தன.

1896-இல் தம் முதல் நூலை வெளியிட்டார். ஏழே கட்டுரைகள் கொண்ட அச்சிறு நூலுக்கு, முதுபெரும் புலவரின் தொகுப்பு நூல்போல, 'மாக்ஸ் பியர்பாமின் படைப்புகள்' எனப் பெயரிட்டார். இளம் வயதில் அவர் முதலில் எள்ளி நகையாடியது தம்மையே ஆகும்.

1898-இல் பெர்னாட்ஷாவுக்குப் பின் 'சாட்டர்டே ரிவியூ' இதழின் நாடகத் திறனாய்வாளராகிப் பன்னீராண்டு பணியாற்றினார். 1910-இல் அமெரிக்க நடிகையாகிய புளோரன்ஸ் கான் என்பாரை மணந்து, இத்தாலிய நாட்டுக் கடற்கரையூராகிய ராப்பல்லோவில் குடியேறினார். 1911-இல் 'சுலைக்கா டாப்சன்' என்னும் புதினம் வெளிவந்தது. மறு ஆண்டு வெளியான நூலொன்றில், கிப்ளிங், வெல்ஸ் முதலிய எழுத்தாளர் பலருடைய நடையையும் அவரவரே எழுதியதுபோல் நடித்துக் காட்டினார்.

1923-இல் இலண்டனில் அவர் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. அரச குடும்பத்தாரைக் குறித்த சில சித்திரங்களைக் கண்டு செய்தித்தாள்கள் சினந்தன. பியர்பாம் வாதிட்டு நிற்கவில்லை. அச்சித்திரங்களைக் காட்சியினின்றும் அகற்றுவித்தார். தம் கலைத்திறத்தை நிலைநாட்டுவதினும் பிறர் மனம் நோகாமை பெரிதெனக் கருதினார் போலும்! அவ்வரச மரபே 1939-இல் அவருக்கு 'சர்' பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

1935 முதல் வானொலியிலும் உரையாற்றி மக்கள் உள்ளங்கவர்ந்த இப்பெரியார், 1956-ஆம் ஆண்டு மே திங்கள் 20-ஆம் நாள் ராப்பல்லோவில் மறைந்தார். அவரது உடற்சாம்பல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் வைக்கப்பெற்றது.

பிறரை வரைந்த கையால் தம் உருவத்தையும் கேலிச்சித்திரமாகப் பன்முறை வரைந்தவர் பியர்பாம். தம் குறையைக் கண்டு நகைக்க வல்லார்க்கே பிறர் குறையைக் கண்டு நகைக்கும் உரிமை உண்டு. இவ்வுண்மையை அவர்தம் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.