கித்தார்ப் பாணர் தாரேகா

சென்னையினின்று திருச்சிராப்பள்ளி செல்லும் பெருஞ்சாலையிலே, சேலத்திற்கு வழி பிரியுமிடத்தில் அமைந்துள்ளது உளுந்தூர்பேட்டை. யான் பிறந்து வளர்ந்த ஊர் அதுவே. யான் சிறுவனாயிருந்த காலத்தில் அவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் ஓரிசை ஓயாது ஒலிக்கும். வணிகர் சட்டைப்பையிலும், உழவர் மடியிலும், நடத்துநர் தோற்பையிலும் இருந்த நோக்கியாக் கைப்பேசிகள் தம்மை உடையாரை அழைத்த ஒலி அது. 13 சுரங்களால் அமைந்த அவ்விசையைக் கேளாதார் நம் நாட்டில் அரியர். அதனை ஆக்கியோர் யாவர் என அறிந்தாரும் அரியரே. ஸ்பெயின் தேசத்துக் கித்தார்ப் பாணரொருவர் 1902-ம் ஆண்டில் இயற்றிய ‘கிரான் வால்ஸ்’ என்னும் இசையினின்று எடுத்த சிறு துணுக்கு அது. அப்பெரியாரின் பெயர் பிரான்சிஸ்கோ தாரேகா. அவரது வரலாற்றினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தாரேகா 1852-ம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ந் தேதி, ஸ்பெயினின் கீழ்க்கரையிலுள்ள வில்யாரெயால் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு மடத்தின் காவலர். வீட்டிற் பொருள் இல்லை. கித்தார் ஒன்று இருந்தது. தந்தையார் காவலுக்குச் சென்றபின் மைந்தன் அதனை எடுத்து, தான் கேட்ட இசையை எழுப்ப முயல்வான். இளமையிலேயே அவனுக்கு ஓர் இடர் நேர்ந்தது. தன்னைப் பேணியவளிடமிருந்து ஓடி, வாய்க்காலில் வீழ்ந்து கண்களைக் கெடுத்துக்கொண்டான். மைந்தன் முற்றும் குருடனாவானோ என்று தந்தையார் அஞ்சினார். கண்ணிழந்தாலும் இசையால் ஒருவன் உண்டு வாழலாம் என்று துணிந்து, காஸ்தெல்யோன் நகருக்குக் குடிபெயர்ந்து அவனை இசை பயில விடுத்தார். அங்கு அவனுக்கு முதலாசிரியராய் வாய்த்த இருவரும் கண்ணிழந்தோரே. ஒளி குன்றிய சிறுவனுக்கு ஒளியிழந்தோர் வழிகாட்டினர்.

1862-ம் ஆண்டில் ஹூலியான் ஆர்காஸ் என்னும் புகழ்பெற்ற கித்தார் வல்லுநர் அந்நகருக்கு வந்தார். சிறுவன் வாசிப்பதைக் கேட்டு, பார்ஸிலோனா நகரில் தம்மிடம் பயில அனுப்புமாறு வேண்டினார். பியானோவும் கற்பித்தல் வேண்டும் என்னும் உடன்பாட்டின்மேல் தந்தையார் இசைந்தார். ஆனால் பார்ஸிலோனாவிற் சிறுவன் ஆசிரியர் நிழலில் அடங்கியிருந்தானல்லன். காப்பி விடுதிகளில் வாசித்துப் பொருள் தேடப் புகுந்தான். தந்தையார் தேடிச்சென்று அழைத்து வந்தார். 13-ம் வயதில் மீண்டும் ஓடி, வலென்ஸியாவில் நாடோடி இசைஞரோடு கூடித் திரிந்தான். மீண்டும் தந்தையார் மீட்டு வந்தார். அத்தந்தையின் பொறுமை இல்லையாயின் தாரேகாவும் இல்லை எனலாம்.

அக்காலத்தில் ஸ்பெயினிற் கித்தார் செய்வோருள் தலைசிறந்தவர் அந்தோனியோ தே தோரெஸ் என்பார். தச்சராய்த் தொழில் தொடங்கிய அவர், செவில்யா நகரிற் பட்டறை வைத்திருந்தார். இளைஞரின் திறமையை உணர்ந்த கோனெசா என்னும் செல்வர், 1869-ம் ஆண்டில் நல்லதொரு கித்தார் வாங்கித்தர எண்ணி அவரைத் தோரெஸிடம் அழைத்துச் சென்றார். தோரெஸ் தம்மிடம் விற்பனைக்கிருந்த எளிய கித்தாரொன்றைக் காட்டினார். தாரேகா அதனை ஏந்தி வாசித்தார். கேட்ட தோரெஸ் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1864-ம் ஆண்டிலே தமக்கென்று செய்து தாமே வைத்திருந்த கித்தாரைக் கொண்டுவந்து அவ்விளைஞர் கையிற் கொடுத்தார்.

எங்களூர்ப் பக்கத்தில், உளுந்தாண்டார் கோயிலைச் சார்ந்து ஒரு பழங்கதை வழங்குகின்றது. மிளகு மூட்டைகளோடு வந்த வணிகனொருவன், சிறிது மிளகு வேண்டிய முதியவரிடம் அவை உளுந்து என்று பொய் கூறினானாம். பின்னர் அவிழ்த்துப் பார்க்க, மிளகெல்லாம் உளுந்தாய்க் கிடந்ததாம். உள்ளதை ஒளித்தவன் அதனை இழந்தான். ஒளித்து வைத்திருக்கக்கூடியதை எடுத்து ஈந்த தோரெஸோ, அதனால் என்றும் இழவாத பெயரைப் பெற்றார்.

அக்கருவியின் சிறப்பு யாதெனின், தோரெஸ் கித்தாரின் உடலை முன்னோர் செய்ததினும் பெரிதாக்கினார். முகப்பலகையை மெல்லிதாக இழைத்து, அதன் உட்புறத்தே விசிறிக் காம்புகள்போல் விரியும் மெல்லிய சட்டங்களை ஒட்டினார். நரம்பின் அதிர்வைப் பேரொலியாக்குவது முகப்பலகையே என்பது அவர் கொள்கை. அதனை மெய்ப்பிக்க வேண்டி, 1862-ம் ஆண்டில், முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் அமைத்து, முகத்தை மட்டும் மரத்தாற் செய்து ஒரு கித்தாரை உண்டாக்கினார். இக்காலக் கித்தார்கள் பெரும்பாலும் அவர் வகுத்த அளவையே தழுவியன.

1874-ம் ஆண்டில் தாரேகா அக்கித்தாருடன் மாட்ரிட் நகரத்து இசைக் கல்லூரியிற் சேர்ந்தார். கித்தார் விடுதிகட்கே உரியது, அவைக்குரியது பியானோவே என்று பலர் எண்ணிய காலம் அது. தாரேகா இரண்டும் வல்லவராயினும் கித்தாரையே தம் வாழ்வாகக் கொண்டார். 1881-ம் ஆண்டளவிற் பாரிஸிலும் லண்டனிலும் வாசித்துப் புகழ் பெற்றார். மறு ஆண்டில் மரியா ரிஸோ என்னும் மங்கையை மணந்து, பின் பார்ஸிலோனாவில் வாழ்ந்தார். பாஹ், பேத்தோவன், ஷோப்பான் முதலியோரின் இசைகளை ஆறு நரம்பிற்கேற்ப அமைத்தார். அல்ஹம்பிரா அரண்மனையை நினைந்து அவர் இயற்றிய இசையிற் பெருவிரல் ஒரு பக்கம் நடக்க, ஏனைய மூவிரல்களும் ஒரே நரம்பை மாறிமாறி விரைந்து தொடும். கேட்பார்க்கு நீரூற்றின் ஒலி நினைவிற்கு வரும். பெரிய அரங்கினும், நண்பர் சிலர் சூழ்ந்த சிறிய அறையே அவருக்கு உவப்பாயிற்று. பிற்காலத்தில் நகங்களைக் களைந்து, விரல்நுனித் தசையாலேயே நரம்பைத் தொட்டு மென்மையான ஒலியைத் தேடினார்.

1906-ம் ஆண்டில் அவரது வலப்பக்கம் வாதநோயால் தாக்குண்டது. நரம்பை மீட்டும் கை அதுவேயன்றோ! இளமையிற் கண் குன்றிற்று. முதுமையிற் கையும் குன்றிற்று. எனினும் இசையை அவர் கைவிட்டாரல்லர். 1909-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி பார்ஸிலோனாவில் உயிர் துறந்தார். அவர்தம் மாணாக்கரான யோபெத், புஹோல் என்போர் ஆசிரியர் கலையை உலகெங்கும் பரப்பினர்.

சென்ற விடுமுறையில் யானும் பழைய கித்தாரொன்றை வாங்கினேன். முன்னர் வாசித்தவரின் விரல் தேய்த்த தடம் அதன் கழுத்திற் காண்கின்றது. வாங்குமுன் கழுத்து வளைந்ததோ, முகப்பலகை பிளந்ததோ, நரம்பு பூட்டிய கட்டை பெயர்ந்ததோ என்றெல்லாம் ஆராய்ந்தேன். விலையையும் குறைத்துக் கேட்டேன். கருவியை ஆராய்ந்த யான் என்னை ஆராய்ந்தேனல்லன். தாரேகாவின் வரலாற்றைப் பயின்றபின் அந்நாணம் என்னை விட்டபாடில்லை. மாலையில் அதனை மடிமேல் வைக்குந்தோறும், தோரெஸ் வாயிலில் நின்று கேட்பாராயின் உட்சென்று தம் கித்தாரைக் கொணர்வாரோ, கொணராரோ என்னும் வினா எழுகின்றது. அதற்கு விடையாக, நாடோறும் ஒரு நாழிகையேனும் தவறாது பயின்று வருகின்றேன்.