கொடைமலையில் சூரியனைப் படித்தவர்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகமாக இருக்கட்டும் என்றார்கள் சங்க நண்பர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸேறி ராஜபாளையம் வந்து பௌதிகம் படித்தவன் நான். அதனால் நமக்கு வடக்கே, கொடைக்கானலில் உட்கார்ந்து சூரியனை ஆராய்ந்த ஜான் எவர்ஷெட் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது.

எவர்ஷெட் 1864-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். பிழைப்புக்கு ஒரு கம்பெனி வேலை. சூரிய ஆராய்ச்சியோ சொந்த முயற்சியில், ஓய்வு நேரத்தில் செய்தது. 1898-இல் முழுச் சூரிய கிரகணத்தைப் படமெடுக்க இந்தியா வந்து போனார். 1906-இல் வானியலில் தேர்ந்த மேரி ஆர் அம்மையாரை மணந்தார். 1907 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் உதவி இயக்குநராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 42.

அப்போது சூரியப் புள்ளிகள்தான் பெரிய புதிர். 1908-இல் அமெரிக்காவில் ஹேல் என்ற மேதை, அந்தப் புள்ளிகளில் பலமான காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். புள்ளி என்பது ஒரு சுழல்காற்று, வாயு அதில் சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. எவர்ஷெட் அதைச் சோதித்துப் பார்க்க இறங்கினார்.

சோதனை எளிதானதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஆரன் அடித்துக்கொண்டு வருகிற பஸ், நம்மைத் தாண்டியதும் சத்தம் இறங்கிவிடும் இல்லையா? ஒளிக்கும் அப்படித்தான். வாயு நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். நம்ம லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரில் கோடு பார்த்தோமே, அதே சங்கதிதான்.

1909 ஜனவரி 5. இரண்டு பெரிய புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். புள்ளியின் கருத்த நடுப்பகுதியைச் சுற்றியுள்ள வெளிறிய வளையத்தில் கோடுகள் சாய்ந்திருந்தன. சூரிய வட்டத்தின் நடுவை ஒட்டிய பக்கம் நீலம், விளிம்பை ஒட்டிய பக்கம் சிவப்பு. சுழல் என்றால் இதற்குக் குறுக்கே உள்ள இரு பக்கங்களில்தான் நகர்வு வரவேண்டும், அங்கே வரவில்லை. புள்ளி சூரிய வட்டத்தின் நடுவில் இருக்கும்போது நகர்வே இல்லை. ஆகவே வாயு சுழலவில்லை, மேலே எழவும் இல்லை. தரையில் கொட்டிய தண்ணீர் மாதிரி மேற்பரப்போடு வெளிப்பக்கம் பரவுகிறது, விநாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில்! இன்றும் இதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

ஹேல் சொன்ன காந்தப்புலம் உண்மை. சுழல்தான் பொருந்தவில்லை. எவ்வளவு பெரியவர்கள் எதிர்பார்த்திருந்தாலும், படத்தில் எது தெரிந்ததோ அதையே எவர்ஷெட் எழுதினார். மாணவர்கள் இதைக் கவனிக்கணும். ரெக்கார்டு நோட்டில் எதிர்பார்த்த விடை வரும்படி அளவுகளைத் திருத்துகிற பழக்கம் எல்லா லேபிலும் உண்டு. வராத அளவுதான் சில சமயம் புது விஷயம்.

எவர்ஷெட் 1911-இல் வானாய்வகத்தின் இயக்குநரானார். 1915-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1918-இல் ராயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம். சூரிய விளிம்பில் எழும் பிழம்புகள் பற்றித் தம்பதிகள் சேர்ந்து எழுதிய ஆய்வு 1917-இல் வெளிவந்தது. 1923-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியும் சூரியனை விடவில்லை. சொந்த ஆய்வகம் அமைத்துக்கொண்டார். 1956-இல் காலமானார்.

வாயு மின்னேற்றம் பெற்ற பிளாஸ்மாவாக இருப்பதால் காந்தப்புலத்தோடு பிணைந்து ஓடுகிறது என்பது பின்னால் விளங்கியது. அந்தப் பிளாஸ்மாவில் அலைகளும் ஓடுகின்றன. அவற்றின் கணக்கு இன்னும் முடியவில்லை. 2023-இல் ஆதித்யா-எல்1 கிளம்பியதும் இந்த மாதிரிக் கேள்விகளோடுதான்.

கொடைக்கானல் டூர் போகிற தம்பி தங்கைகளே, ஏரியையும் சாக்லேட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிடாதீங்க. அந்த மலையில் ஒருத்தர் கண்ணால் கண்டதை மட்டும் நம்பினார் என்பதையும் நினைச்சுக்கோங்க.