ஏடுகளில் உறங்கிய இசை: புளோரன்ஸ் பிரைஸ் அம்மையார்

அமெரிக்க நாட்டில் அடிமை முறை 1865ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அந்நாட்டுக் கறுப்பின மக்கள் அதன் பின்னரும் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டே வாழ்ந்தனர். அம்மக்களிடையே தோன்றி, இசைப்புலமையால் உயர்ந்த புளோரன்ஸ் பிரைஸ் அம்மையாரின் வரலாறு நம் இளைஞர்கள் அறியத்தக்கதாகும்.

அம்மையார் 1887 ஏப்ரல் 9ஆம் நாள் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில் பிறந்தார். தந்தையார் பல் மருத்துவர். தாயார் இசை கற்பித்தவர். தாயாரிடம் முதற்பாடம் பயின்ற அவர், பாஸ்டன் நகரத்து நியூ இங்கிலாந்து இசைக் கல்லூரியில் சேர்ந்து 1906இல் தேர்ச்சி பெற்றார். தென் மாநிலத்தில் இனவெறிக் கொடுமை மிகவே, 1927இல் குடும்பத்துடன் சிகாகோவில் குடியேறினார். மணமுறிவு நேர்ந்த பின் இரு பெண்மக்களையும் வளர்க்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. வறுமையிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை.

அவருடைய முதல் சிம்பொனி 1932இல் வானமேக்கர் போட்டியில் முதற்பரிசு பெற்றது. 1933 ஜூன் 15 அன்று சிகாகோ சிம்பொனி இசைக்குழு அதனை அரங்கேற்றியது. கறுப்பினப் பெண்மணி ஒருவர் இயற்றிய சிம்பொனியைப் பெரும் இசைக்குழு ஒன்று வாசித்தது அதுவே முதன்முறை.

எனினும் நிறமும் பெண்மையும் அவருக்குத் தடையாயின. பாஸ்டன் இசைக்குழுவை நடத்திய கூசவிட்ஸ்கிக்கு 1943இல் மடல் எழுதி, தகுதி ஒன்றையே கருதித் தம் படைப்புகளை மதிப்பிடுமாறு வேண்டினார். அவர் அவற்றை மேடையேற்றவில்லை. 1953 ஜூன் 3ஆம் நாள் அம்மையார் மறைந்தபோது, அவர் எழுதியவற்றுட் பல அச்சேறாமலே கிடந்தன.

2009ஆம் ஆண்டில், இல்லினாய் மாநிலத்து செயிண்ட் ஆன் என்னும் சிற்றூரில், பாழடைந்த வீடொன்றை வாங்கிய தம்பதியர் அதனைச் செப்பனிட முற்பட்டனர். மரம் விழுந்து கூரை பிளந்திருந்த அவ்வீட்டில், நனையாத ஒரு பகுதியில் ஏடுகள் குவிந்து கிடந்தன. அது அம்மையாரின் கோடைக்கால இல்லம்! நான்காம் சிம்பொனியும் வயலினுக்குரிய இரு கான்செர்ட்டோக்களும் அக்குவியலில் இருந்தன. கண்டெடுத்தோர் அவற்றைக் குப்பையெனத் தள்ளாமல், எழுதியவர் யாரென ஆராய்ந்தனர். அவ்வேடுகள் ஆர்கன்சா பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. நான்காம் சிம்பொனி 2018இல் அரங்கேறியது. இயற்றியவர் மறைந்து அப்போது ஏறக்குறைய 65 ஆண்டுகள் கடந்திருந்தன.

கூரையின் பிளவு சற்று விலகியிருப்பின் அவ்விசை மண்ணோடு மண்ணாகியிருக்கும். நம் முன்னோரும் மனுக்கள் எழுதினர். சங்கம் அமைத்து நடவடிக்கைக் குறிப்புகள் வைத்தனர். பாட்டும் கூத்தும் புனைந்தனர். அவற்றுட் கரையானுக்கு இரையானவை எத்துணையோ! போகி நாளில் பழம்பெட்டியைத் தீயிலிடுமுன் அதனை ஒருமுறை திறந்து பார்க்குமாறு இளைஞர்களை வேண்டுகிறோம். ஒரு துண்டுத் தாளாயினும் நாளும் பெயரும் குறித்துக் காப்போம். நம் வரலாற்றை நாமே காவாவிடின் வேறு யார் காப்பார்?