கலிங்கப் போருக்குப் பின் அசோகர்

அசோக மாமன்னரை அறியாதார் நம்மில் இலர். சாரநாத்தில் அவர் நிறுத்திய தூணின் சிங்கத் தலைப்பு 1950ஆம் ஆண்டு முதல் இந்தியக் குடியரசின் இலச்சினையாக விளங்குகின்றது. எனினும் அவர் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் பலர், போர் முடிந்தது, மன்னர் தம்மத்தை ஏற்றார் என்ற அளவில் நிறுத்திவிடுகின்றனர். அதன் பின்னர்ப் பிற சமயத்தாரிடம் அவர் நடந்துகொண்ட முறையே ஈண்டு நாம் சிந்திக்கற்பாலது.

சந்திரகுப்தரின் பேரரும் பிந்துசாரரின் மைந்தருமாகிய அசோகர், கி.மு. 268ஐ ஒட்டிப் பாடலிபுரத்தில் முடி சூடினார். அரியணைக்காகச் சகோதரர் 99 பேரைக் கொன்றார் என்று இலங்கை வரலாற்று நூல்கள் கூறும். ஆனால் அவரது ஐந்தாம் பாறைச் சாசனமோ சகோதரர்களின் இல்லங்களைப் பற்றிப் பேசுகின்றது. மதம் மாறுமுன் இருந்த வாழ்வை எவ்வளவு இருட்டாகக் காட்டுகின்றோமோ அவ்வளவு ஒளி பின்னர்த் தோன்றும் எனக் கருதியோர் புனைந்த கதை இது என்றே தோன்றுகின்றது.

கலிங்கப் போரின் கொடுமைக்குப் புனைவு வேண்டுவதில்லை. மன்னரே கல்லில் எழுதி வைத்தார். முடி சூடி எட்டாண்டுகள் கழிந்தபின் நிகழ்ந்த அப்போரில் 1,50,000 பேர் சிறை கொண்டு செல்லப்பட்டனர். 1,00,000 பேர் மடிந்தனர். அதனினும் பன்மடங்கினர் பின்னர் மாண்டனர். வென்ற வேந்தன் ஒருவன் தன் வெற்றியைத் துயரமாகப் பதிவு செய்தது அரிதினும் அரிது. ஆயினும் ஒன்று மறைக்கலாகாது: கலிங்கத்தை அவர் திருப்பித் தரவில்லை, மரண தண்டனையையும் அறவே நீக்கவில்லை, தண்டனை பெற்றோருக்கு மூன்று நாள் தவணை மட்டும் அளித்தார். துயரத்தைக் கூறும் பதின்மூன்றாம் சாசனம் கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் பொறிக்கப்படவில்லை. புண்பட்ட மக்கள் முன் அப்புண்ணை மீண்டும் கீற வேண்டா என்று எண்ணினார் போலும். அங்கே, மக்கள் யாவரும் தம் மக்களே என்றும், காரணமின்றி எவரையும் சிறையிடலாகாது என்றும் அதிகாரிகளுக்கு ஆணையிட்டார்.

உபாசகரான உடனேயே அவர் முழு ஊக்கம் பெற்றாரல்லர். முதலாண்டில் தாம் முயற்சி குன்றியிருந்ததையும், பிறகு சங்கத்தை நெருங்கியதையும் சிறு பாறைச் சாசனங்களில் ஒளிக்காது சொல்கின்றார். கருநாடகத்துப் பிரமகிரியில் அச்சாசனத்தை இன்றும் காணலாம்.

பன்னிரண்டாம் பாறைச் சாசனமே நம் பொருளுக்கு உயிர்நிலை. தன் சமயத்தின்மீது கொண்ட பற்றினால் பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே பெருந்தீங்கு செய்கின்றான் என்பது அதன் கருத்து. நாவடக்கமே அதற்கு அவர் காட்டும் வழி. ஒருவர் அறத்தை மற்றவர் செவிமடுத்துக் கேட்கவேண்டும் என்றும் விரும்புகின்றார். வெறும் உபதேசத்தோடு நில்லாமல் தம்ம மகாமாத்திரர் என்னும் அதிகாரிகளை நியமித்து, பௌத்த சங்கம், பிராமணர், ஆசீவகர், நிகண்டர் ஆகிய எல்லார் நலனையும் கவனிக்கச் செய்தார். சோழ பாண்டிய நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் ஏற்படுத்தியதாக இரண்டாம் சாசனம் கூறுவது தமிழராகிய நமக்கு இனிய செய்தி.

இதற்கு மாறான கதையொன்று அசோகாவதானம் என்னும் நம் பௌத்த நூலிலேயே உள்ளது. புத்தரை இழிவாகச் சித்திரித்ததற்காகப் புண்டரவர்த்தனத்தில் ஆசீவகர் 18,000 பேரை மன்னர் ஒரே நாளில் கொல்வித்தார் என்றும், பின்னர் நிகண்டர் தலைக்குத் தலை ஒரு தீனாரம் விலை வைத்தார் என்றும், பிக்குவாயிருந்த தம் தம்பி வீதசோகரையே நிகண்டர் என மயங்கி ஒருவன் கொன்று தலையைக் கொணர்ந்தபோதே மனம் திருந்தினார் என்றும் அந்நூல் கூறும். தீனாரம் என்னும் நாணயம் மௌரியர் காலத்ததன்று. ஆகவே நூல் பிற்காலத்தது; செய்தியும் நம்பத்தக்கதன்று. மாற்றாரைக் கொன்றதாகச் சொல்வது தம் மன்னருக்குப் பெருமை என்று நம்மவரில் ஒருவர் எண்ணியதே வருந்தத்தக்கது.

கல்லின் சாட்சி வேறு. கயைக்கு வடக்கே பராபர் மலையில் கருங்கல்லைக் குடைந்து, கண்ணாடிபோல் மெருகேற்றிய குகைகள் உள. முடி சூடிய பன்னிரண்டாம் ஆண்டில், தாம் பௌத்த உபாசகராயிருந்தும், அவற்றுள் இரண்டை ஆசீவகத் துறவியர்க்கே தானமாக அளித்தார் அசோகர். பிற்காலத்தில் எவரோ உளிகொண்டு அம்மலைக் கல்வெட்டுகள் பலவற்றில் ஆசீவகர் என்னும் பெயரை மட்டும் கொத்திச் சிதைத்தனர். எழுத்துக்கள் ஆழமாக வெட்டப்பட்டிருந்தமையால் அப்பெயரை இன்றும் படிக்க முடிகின்றது.