திருத்தணியை மீட்ட ம.பொ.சி.



உங்கள் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கும் பழைய மூலப்பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது, இந்தப் பக்கத்து நிலங்களுக்குத் தெலுங்கில் எழுதிய மூலப்பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். 1953 அக்டோபர் 1 முதல் ஆறரை ஆண்டுகள் நம் திருத்தணி ஆந்திராவில் இருந்தது. இன்று நாம் தமிழ்நாட்டில் இருப்பதற்குப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ம.பொ.சிவஞானம்.

1906 ஜூன் 26 அன்று சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. நெசவு வேலை செய்தார், பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தார். காங்கிரசில் சேர்ந்து பலமுறை சிறை சென்றார். 1942 போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறையில் இருந்தபோது சிலப்பதிகாரத்தை ஊன்றிப் படித்தார். 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கினார்.

அவர் கேட்டது தனிநாடு அல்ல. இந்தியாவுக்குள்ளேயே, மாநிலத்துக்குச் சுயாட்சி வேண்டும் என்றார். பொது அமைப்புக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பது, நம் கையில் எவ்வளவு வைத்துக்கொள்வது என்று ஐரோப்பிய நாடுகள் இன்றும் வாதாடுகின்றனவே, அதே கேள்விதான். பிரிட்டன் 2016இல் வாக்கெடுத்து வெளியேறத் தீர்மானித்தது. ம.பொ.சி. உள்ளே இருந்தே உரிமை கேட்டார்.

1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதத்தில் உயிர்நீத்ததும், ஆந்திர மாநிலம் அமைவது உறுதியானது. சென்னையும் தங்களுக்கே என்று அங்கிருந்து கோரிக்கை எழுந்தது. ம.பொ.சி. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு அதை எதிர்த்தார். சென்னை நமக்கே நின்றது. ஆனால் சித்தூர் மாவட்டம் முழுவதும், திருத்தணியும் சேர்ந்து, ஆந்திராவுக்குப் போனது. மங்கலங்கிழார் போன்ற நம் பகுதித் தலைவர்களோடு சேர்ந்து அவர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார், சிறை சென்றார்.

பிறகு இரு மாநிலங்களும் பேசி, எச்.வி.படாஸ்கர் என்ற நடுவரை ஏற்றன. அவர் வைத்த அளவுகோல் எளிமையானது: கிராமமே அலகு, எந்த மொழி பேசுவோர் அதிகம், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1959இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் சில ஆந்திராவுக்குப் போயின.

ஒன்றைக் கவனியுங்கள். ம.பொ.சி. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. திருப்பதி வரவில்லை, சித்தூர் வரவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் தங்கின, இந்தப் பக்கம் தெலுங்குக் குடும்பங்கள் தங்கின. எங்கே கோடு போட்டாலும் சிலருக்கு மனக்குறை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்பதால் அந்த முடிவு நிலைத்தது.

மூன்றாம் வகுப்போடு நின்றவர் பின்னாளில் வள்ளலார் பற்றிய நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 1986இல் சட்ட மேலவை கலைக்கப்படும்வரை அதன் தலைவராக இருந்தார். 1995 அக்டோபர் 3 அன்று காலமானார்.

நம் பொதுக்குழுவிலும் தண்ணீர், வாகன நிறுத்தம் என்று வாக்கெடுக்கிறோம். தோற்றவர்களில் நானும் ஒருவனாக இருந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம் இருந்தால், அவர்களிடம் அந்த ஆறரை ஆண்டுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பக்கத்துக் கதையும் நமக்குத் தெரிய வேண்டும்.