பாட்டியின் மஹாலக்ஷ்மியும் ராஜா ரவி வர்மாவும்

மாதுங்காவில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டில் பூஜைக்கென்று தனி இடம் கிடையாது. சமையலறைச் சுவரில் ஒரு மரப்பலகை. அதன் மேல் தாத்தாவின் பூஜைப் பெட்டி, பின்னால் கண்ணாடிச் சட்டத்தில் மஹாலக்ஷ்மி படம். பாட்டி கல்யாணமாகிக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வரும்போது சீரோடு வந்த படம் அது. தாமரையில் நிற்கும் அம்பாளின் புடவை முழுவதும் பாட்டி தன் கையால் ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்திருந்தாள். அந்தக் காலத்துப் பெண்மணிகள் பலர் இப்படிச் செய்ததுண்டு. படத்தில் இருந்தது மராட்டியக் கட்டு; பாட்டியோ அதை மடிசாராகவே பாவித்துவிட்டாள்.

பன்னிரண்டு வயதில் அந்தப் படத்தைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு வரைந்தேன். யானை வந்தது, தாமரை வந்தது, முகம் மட்டும் வரவில்லை. ரப்பர் தேய்த்துத் தேய்த்துக் காகிதம் கிழிந்ததுதான் மிச்சம். பள்ளியில் டிராயிங் மாஸ்டர் அதைப் பார்த்து, இது ரவி வர்மா போட்ட படத்தின் நகல் அல்லவா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லக்ஷ்மிக்கு அந்த முகம் ஆதியிலிருந்தே உண்டு என்றும், யாரோ நேரில் பார்த்து எழுதிவைத்தது என்றும் அதுவரை நம்பியிருந்தேன். வீட்டுக்கு வந்து பலகை மேல் ஏறிப் பார்த்தால், படத்தின் அடியில் பொடி ஆங்கில எழுத்தில் ரவி வர்மா பிரஸ், கார்லா லோனாவ்லா என்று இருந்தது. பம்பாய்க்குப் பக்கத்தில் அச்சாகி, திருநெல்வேலிச் சீமைக்குப் போய், மறுபடி பம்பாய்க்கே வந்திருக்கிறாள் எங்கள் லக்ஷ்மி!

அன்றிலிருந்து இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

ரவி வர்மா 1848ஆம் வருஷம் ஏப்ரல் 29ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தகப்பனார் சமஸ்கிருத பண்டிதர். தாயார் உமாம்பா கவிதை புனைபவர். அரண்மனைச் சுவர்களில் கரித்துண்டால் கிறுக்கிய பையனைத் திட்டாமல், கையில் தூரிகையைக் கொடுத்தவர் மாமா ராஜ ராஜ வர்மா. பதினான்காவது வயதில், 1862இல், அவரே திருவனந்தபுரத்துக்கு அழைத்துப்போய் ஆயில்யம் திருநாள் மஹாராஜாவிடம் சேர்ப்பித்தார்.

தைல வண்ணம் அப்போது நம் பக்கத்தில் புதிது. அதை அறிந்த மதுரை ராமஸ்வாமி நாயக்கர் அரண்மனையிலேயே இருந்தார். ஆனால் சொல்லித்தர அவருக்கு மனமில்லை. அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகச் சில நுட்பங்களைக் காட்டிக்கொடுத்ததாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மஹாராஜாவைப் படம் எழுத வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். வர்ணத்தை எதில் குழைப்பது, எது உலர எத்தனை நாள் என்பதையெல்லாம் தானே போட்டுப் பார்த்து, கெடுத்து, மறுபடி போட்டுத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். என் கிழிந்த காகிதத்தை நினைத்தால் சற்று ஆறுதல்.

பிறகு வந்த பெருமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், அதே வருஷம் வியன்னாவிலும் பரிசு. 1876இல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை படத்தைச் சென்னை கவர்னரே வாங்கினார். ஆனால் 1880இல் ஆயில்யம் திருநாள் காலமாகி, அடுத்துப் பட்டத்துக்கு வந்த விசாகம் திருநாளுக்கும் இவருக்கும் ஒத்துவரவில்லை. சொந்த ஊரில் ஆதரவு போயிற்று. இந்த மனஸ்தாபம் ஏற்படாமல் இருந்திருந்தால் அவர் திருவனந்தபுரத்தோடு நின்றிருப்பாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்த இடத்தில் நம்மவர்கள் நன்கறிந்த ஒருவர் வருகிறார். கும்பகோணத்தில் பிறந்த ராஜா ஸர் டி. மாதவ ராவ் திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு, பின்பு பரோடாவில் திவானாக இருந்தார். அவர் மூலமாக ரவி வர்மாவுக்குப் பரோடா தொடர்பு ஏற்பட்டது. 1881இல் ஸயாஜிராவ் மஹாராஜாவின் பட்டாபிஷேக சமயம் அங்கே போனார். 1888இல் புராணக் காட்சிகளாகப் பதினான்கு படங்களுக்கு 50,000 ரூபாய் பேசி ஏற்பாடாயிற்று. தமயந்திக்கும் ஸீதைக்கும் எந்த ஊர் உடையை உடுத்துவது? தம்பி ராஜ ராஜ வர்மாவோடு வடதேசம் முழுவதும் சுற்றினார். ஊருக்கு ஊர் உடை மாறியது. கடைசியில் புடவையையே தேவிகளின் உடையாக்கிக்கொண்டார். பாட்டி சம்கி தைத்த புடவையின் பூர்வீகம் இந்த யாத்திரைதான்.

அந்தப் படங்களைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் கையால் எழுதிக்கொடுக்க முடியுமா? முக்கியமான படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சிடலாமே என்று 1884லேயே மாதவ ராவ் யோசனை சொல்லி எழுதியிருந்தார். 1891இல் அவர் காலமானார். 1894இல் ரவி வர்மா பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் போட்டுவிட்டார். ஜெர்மனியிலிருந்து இயந்திரம், ஜெர்மன் தொழில்நுட்ப ஆட்கள். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனிக் கல்லில் படத்தை எழுதி, ஒன்றின் மேல் ஒன்றாகத் துளி பிசகாமல் அச்சேற்ற வேண்டும். முதலில் வந்தது சகுந்தலை ஜனனம். லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் வீடு வீடாகப் போனார்கள்.

பெயர் கிடைத்தது, பணம் நிற்கவில்லை. பம்பாயில் பிளேக் பரவிய காலம் அது. 1899இல் அச்சகம் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறியது. சில வருஷங்களில் கடன் சுமை தாங்காமல், அதில் வேலை பார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். 1905இல் தம்பி இறந்தார். கணக்கு, பிரயாணம் எல்லாவற்றையும் கவனித்து, படங்களில் பின்னணி நிலக்காட்சிகளும் எழுதியவர் தம்பிதான். அதன் பிறகு ரவி வர்மா நெடுநாள் இருக்கவில்லை. 1906 அக்டோபர் 2ஆம் தேதி கிளிமானூரிலேயே காலமானார்.

அவர் மறைந்ததும் கண்டனங்கள் பலத்தன. ஆனந்த குமாரஸ்வாமியும் நிவேதிதையும் கடுமையாகவே எழுதினார்கள். புராண புருஷர்களுக்குரிய தெய்விகம் இல்லை, நாடக நடிகர்கள் போல இருக்கிறார்கள் என்பது சாராம்சம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய விச்வாமித்திரரைப் பார்த்தால் எனக்கே மேடையும் திரையும் ஞாபகம் வருகிறது. ஆனால் லக்ஷ்மி அடுத்த வீட்டு மாமி போல இருந்ததால்தானே பாட்டி அவளிடம் மளிகைக் கடன் வரை முறையிட்டாள்! இன்னொன்றும் உண்டு. திருவிதாங்கூரில் கோவில் கதவுகள் எல்லோருக்கும் திறந்தது 1936இல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்பே, சந்நிதி வாசலை மிதிக்க முடியாதவன் குடிசையிலும் சில அணா விலையில் ஸ்வாமி படம் தொங்கியது. இதை நம் பத்திரிகையில் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

இனி என் கதை. 1988இல் வீடு மாறினோம். பாட்டி போய்ப் பல வருஷமாகியிருந்தது. படத்தின் கண்ணாடி விரிந்து, ஓரங்களைப் பூச்சி அரித்து, சம்கி பாதி உதிர்ந்திருந்தது. புது வீட்டுக்குப் புதுப் படம் இருக்கட்டும் என்று, அதைக் கொண்டுபோய் அரச மரத்தடியில் மற்ற பழைய ஸ்வாமி படங்களோடு வைத்துவிட்டு வந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

ஆறு வருஷம் கழித்து வடோதராவுக்கு மாற்றலாகிப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை லக்ஷ்மி விலாஸ் அரண்மனை வளாகத்தில் உள்ள ஃபதே சிங் அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அது ராஜகுமாரர்கள் படித்த பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். நள தமயந்தி, சந்தனு மத்ஸ்யகந்தி என்று வரிசையாக அசல் படங்கள். அச்சில் வழவழவென்று ஒரே நிறமாகத் தெரிந்த கைகள், அசலில் நரம்பும் நிழலுமாக உயிரோடு இருந்தன. பட்டின் ஓரத்தில் ஜரிகையைக் கிட்டே போய்ப் பார்த்தால் வெறும் மஞ்சள் தீற்றல். நாலடி பின்னால் வந்தால் மின்னுகிறது. பாட்டி ஊசியால் செய்ததை அவர் தூரிகையால் செய்திருக்கிறார். வெகுநேரம் நகர முடியவில்லை. அரச மரத்தடிதான் கண்ணில் நின்றது.

ஓய்வு பெற்றபின் பம்பாய் சோர் பஜாரில் சம்கி தைத்த பழைய லக்ஷ்மி ஒன்று அகப்பட்டது. கடைக்காரர் பார்க்காத சமயம் பின்புறம் திருப்பி நூல் முடிச்சைப் பார்த்தேன். பாட்டி எப்போதும் பச்சை நூலில்தான் முடிச்சுப் போடுவாள். இதில் சிவப்பு. யார் வீட்டுப் பாட்டியோ. பேரம் பேசாமல் வாங்கி வந்தேன். பிறத்தியார் கழித்துப்போட்ட படத்தைப் பூஜையில் வைக்கலாமா என்று ஆத்துக்காரிக்கு ஒரு வாரம் சந்தேகம். போன நவராத்திரிக்கு முன்னால், உதிர்ந்திருந்த இரண்டு சம்கியைத் தைக்க அவளே ஊசி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நூல் என்ன நிறம் என்று கேட்டாள். பச்சை என்றேன்.